அறுபது துண்டுச் சட்டை

அந்தக் காலத்தில் மாடு பேசியது, மாட்டின் நாக்கு பேசியது, நாக்குக்குள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற வீடுகளும் பேசின. இன்று மாடு மட்டும் கத்துகிறது, அதையும் யாரும் காதில் வாங்குவதில்லை. நாம் இப்போது செல் என்று இரண்டெழுத்தில் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தச் செல் ஒவ்வொன்றும் அன்று வாசல், அடுக்களை, உள்ளறை என்று குடித்தனம் நடந்த வீடு. செவலை என்கிற பசுவின் நாக்கில் அப்படி எண்ணி மாளாத வீடுகள். அதில் ஒரு வீட்டில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள் ஆவுடை.

ஆவுடைக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். நூறு அடுப்பு, நூறு அடுப்புக்கும் ஆள், எல்லோரையும் ஒரே முறைப்பில் வேலை வாங்குவாள். உள்ளறையில் பெரிய நாச்சியார் இருந்தாள். அவள் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. அவளிடம் ஒரு பெரிய புத்தகம். அதிலிருந்து படியெடுத்த சீட்டுகள் கதவிடுக்கு வழியாக அடுக்களைக்கு வரும். சீட்டில் எழுதியிருப்பதைச் சமைக்க வேண்டும். சோறும் குழம்பும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டுத் தூண், கதவு, கதவின் வளையம், கொடிக்கயிறு, அத்தனையும் அந்த அடுப்பில் வெந்து வந்தவைதான். புரதம் என்று இன்று புத்தகத்தில் போடுகிறார்கள், அதுதான்.

அந்த அடுக்களையில் ஒரே சட்டம். அடுப்பு காயக் கூடாது. சீட்டு வந்தால் சட்டி ஏற வேண்டும். இது எதற்கு, யார் எழுதியது என்று கேட்பது நாச்சியாரை எதிர்த்துப் பேசுவது. ஆவுடை அதற்கும் ஒரு படி மேலே போனாள். சீட்டை முழுக்க விரித்துப் பார்ப்பதுகூட அவளுக்கு நேரக்கேடு. தலைப்பில் நாச்சியாரின் முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார், அகப்பையைப் போடு, வாசித்துக்கொண்டே கிண்டு.

"படிச்சு முடிச்சிட்டுத்தான் சட்டி வைப்பேன்னா அந்த வீடு பட்டினிதான்" என்பாள். இதை அவள் சொல்லாத நாள் கிடையாது.

பக்கத்து வீட்டில் இதே வேலையில் அவள் தங்கை கோமு. இருவர் அடுக்களைக்கும் நடுவே ஒற்றைச் சுவர், சுவரில் ஒரு சிறு துளை. உப்பும் ஊர்க்கதையும் அது வழியாகப் போகும் வரும்.

இனி சுருளன் கதைக்கு வருவோம். அவனும் ஒரு காலத்தில் வீடு வாசலோடு, புத்தகம் அடுப்போடு குளத்துச் சேற்றில் மரியாதையாக இருந்தவன்தான். அடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தான். ருசித்தது. ஊரெல்லாம் அடுப்பு எரியும்போது நமக்கெதற்கு அடுப்பு என்று தன் புத்தகத்தில் அடுப்புப் பக்கத்தைக் கிழித்துப் போட்டான். அந்தக் காலத்தில் பக்கம் போனால் பொருளும் போகும். அடுப்பு காணாமல் போனது. பிறகு நெல் கொட்டும் குதிரின் பக்கம். பிறகு கதவு, சுவர், கூரை. சோம்பேறிக்குச் சுமை குறையக் குறைய சுகம். கடைசியில் கையில் மிஞ்சியது சமையல்காரியின் பக்கமும், கோவணத் துணி அகலத்துக்கு ஒரே ஒரு சீட்டும்.

வெயிலிலும் தண்ணீரிலும் அந்தச் சீட்டு நைந்துவிடாமல் இருக்க ஒரு சட்டை வேண்டும். கழுத்துக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு, முதுகுக்கு ஒன்று என்று எழுதச் சீட்டில் இடமில்லை. அதனால் ஒரே ஒரு வெட்டை எழுதினான், இதையே அறுபது முறை என்று முடித்தான். தையல்காரனையும் கிழித்தாகிவிட்டது, ஆகவே ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் வைத்தான். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய்த் தானாக உட்காரும். அவன் வாழ்நாளில் மூளையைச் செலவழித்தது அந்த ஒரு தடவைதான். தன் சமையல்காரியை அடுத்த வீட்டு அடுப்புக்கு அனுப்பி முதல் சட்டையைச் செய்து மாட்டிக்கொண்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அவள் பக்கத்தையும் கிழித்திருந்தான்.

செவலை குளத்தில் வாய் வைத்தது. தண்ணீரோடு அவனும் ஏறி வந்து ஆவுடை வீட்டு வாசலில் நின்றான்.

வாசல் காவல் மூக்காண்டிக்கு. நல்ல மனுஷன், அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை. அந்தத் தெருவில் வருகிறவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. கதவு வளையத்தில் கையை நுழைத்தால் பொருந்த வேண்டும், பொருந்தினால் உறவு. சுருளன் சட்டையின் மேல் ஒரு கொக்கி துருத்திக்கொண்டு நின்றது. அளவெடுத்ததுபோல் வளையத்தில் மாட்டியது.

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்றான் மூக்காண்டி.

"எல்லா ஊரும் நம்ம ஊருதான். உள்ள ஒரு ஓரமாக் கெடந்துக்கிடுதேன். எனக்குன்னு எதுவும் வேண்டாம்."

எதுவும் வேண்டாம் என்று வருகிறவன் எதையும் விட்டுவைக்க மாட்டான் என்பது மூக்காண்டிக்கு அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. வழக்கப்படி வந்தவனை நடையில் இருந்த புளித்தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். வெளியழுக்கு போகத்தான் அந்தத் தொட்டி. கொஞ்ச நேரத்தில் மூக்காண்டி அடுக்களை வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மதினி, செத்த வாங்க."

"சட்டி கொதிக்கி. அங்கேருந்தே சொல்லு."

"வந்தவரு சட்டை கழண்டுபோச்சு."

"கழண்டா வேற குடு. இதுக்கு ஒரு மதினியா?"

"சட்டைக்குள்ள ஆளு இல்ல மதினி."

ஆவுடை அகப்பையோடு எழுந்து போனாள். தொட்டியில் எருக்கம்பூ மாதிரி ஐந்தைந்து இதழாகப் பன்னிரண்டு பூக்கள் மிதந்தன. அதுதான் சட்டை. நடுவில் நனைந்த சீட்டு ஒன்று. அவ்வளவுதான். கை இல்லை, கால் இல்லை, தலை இல்லை. அவள் தண்ணீரை அகப்பையால் கலக்கிப் பார்த்தாள். அடியிலும் ஒன்றுமில்லை.

"அப்பம் வாசல்ல உன்கிட்ட பேசினது யாரு?"

இருவரும் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குரலுக்குச் சொந்தக்காரன் இல்லாமல் ஒரு குரல் வந்து போயிருக்கிறது என்பது உள்ளே இறங்க நேரமெடுத்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஓர் அடுப்பு காலியானது. சட்டி இறக்கிய சத்தம் ஆவுடை காதில் விழுந்தது. கை பழக்கத்தில் தொட்டியில் கிடந்த சீட்டை எடுத்தது. தலைப்பில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கப் போனாள், நனைந்த சீட்டு மடங்கி நடுவில் விரிந்துகொண்டது. விரிந்த இடத்தில் எழுத்து தெளிவாக இருந்தது. அடுப்பு காய்கிறது. சீட்டு கையில் இருக்கிறது. அவள் அடுப்படிக்குப் போய், தலைப்பை விட்டுவிட்டு நடுவிலிருந்தே வாசித்து அகப்பையைப் போட்டாள்.

வேறு எந்த ஊர்க்காரியும் செய்யாத தப்பு. அவளும் மறுநாள் செய்திருக்க மாட்டாள். மறுநாள் என்று ஒன்று கிடைத்திருந்தால்.

சட்டியில் வெந்து வந்தது ஒரே நீளக் கயிறு. இப்படி ஒரு பண்டத்தை அவள் சமைத்ததில்லை. எங்கே முடிகிறது என்று இழுத்துப் பார்த்தாள், வந்துகொண்டே இருந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே கயிற்றின் ஒரு பகுதி மடங்கிக் கூர்மையானது. அது கத்தி. கயிற்றுக்குள்ளிருந்து கயிறே வளர்த்த கத்தி. முதலில் தன்னை அறுத்து விடுவித்துக்கொண்டது, பிறகு மிச்சக் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது. வேலை முடிந்ததும் சும்மா இருந்ததா? நாச்சியாரின் சீட்டுகளை அடுப்புக்கு மேல் மாட்டி வைக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தது. வீட்டுச் சீட்டு எதையும் இனி மாட்ட முடியாது. கொக்கி இல்லாமலே வாசிக்க முடிந்தது, தானாக நடுவில் விரியும் அந்த ஒரு சீட்டை மட்டும்.

நறுக்கிய துண்டுகளில் ஒன்று எழுத்தனாக மூலையில் குந்திச் சீட்டைப் படியெடுக்கத் தொடங்கியது. ஒன்று பத்தானது, பத்து நூறானது. நூறு அடுப்பிலும் அதே சீட்டு. நூறு சட்டியிலும் அதே கயிறு.

"ஏ எக்கா" என்று துளை வழியாகக் கோமுவின் குரல் வந்தது. "என்ன சமையல் அங்க? காலையிலேருந்து ஒரே வாடையா வருது."

"விருந்தாளி."

"எத்தன பேரு?"

ஆவுடை தொட்டியில் மிதந்ததை நினைத்துக்கொண்டாள். "யாரும் இல்ல" என்றாள்.

"யாரும் இல்லாத விருந்தா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு எக்கா. கொஞ்சம் உப்பு குடு."

ஆவுடை உப்பு எடுக்கத் திரும்பினாள். மேடையில் கத்தி நறுக்கிப் போட்ட சட்டைத் துண்டுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே அச்சு. யாரும் தொடவில்லை, காற்றுகூட இல்லை. ஆனால் துண்டுகள் நகர்ந்தன. ஒன்று இன்னொன்றை இடித்தது, பொருந்தவில்லை, விலகியது. திரும்ப இடித்தது. இந்த முறை மேடு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது வந்தது, நான்காவது, ஐந்தாவது. ஐந்தாவது வந்ததும் வட்டம் மூடிப் பூவானது. ஆறாவது வந்து பார்த்தது, இடமில்லை, போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு பூ. அப்புறம் இன்னொன்று. பூவோடு பூ ஓரம் ஒட்டியபோது தட்டையாக இருக்க முடியாமல் குழிந்தன, குழிந்து கிண்ணமாயின. ஒரு சீட்டு தானாகச் சுருண்டு கிண்ணத்தில் இறங்கியது. பன்னிரண்டாவது பூ மூடியாக விழுந்தது.

உருண்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம். தையல் இல்லை, முடிச்சு இல்லை, வாசல் இல்லை. எந்தக் கையும் செய்யாத பண்டம். ஆவுடை விரலால் தட்டினாள்.

"உள்ள யாரு?"

பதில் இல்லை. இனி ஒருபோதும் பதில் வராது என்பதும் அந்தத் தட்டலிலேயே தெரிந்தது. மூச்சில்லை, சூடில்லை. செத்தது என்று சொல்ல, அது உயிரோடு இருந்ததும் இல்லை. மேடையின் மேல் அடுத்த உருண்டை மூடிக்கொண்டிருந்தது, அதற்கடுத்தது பாதியில் இருந்தது.

அம்மிக்குழவியை எடுத்து ஓர் உருண்டை மேல் வைத்து அழுத்தினாள். நசுங்கவில்லை. எந்த ஒரு துண்டை அழுத்தினாலும் அறுபதும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு வீட்டில் அறுபது பேர் இப்படி ஒற்றுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"மூக்காண்டி, அந்தப் புளித்தண்ணியக் கொண்டா."

அதிலிருந்து அவள் கெட்டிக்காரத்தனம் தொடங்கியது. ஓர் அண்டாப் புளித்தண்ணீரை மேடைமேல் கொட்டினாள். உருண்டைகள் விரிந்தன. முப்பது நாற்பது உருண்டை, அத்தனையும் பூப்பூவாகக் கழன்று விழுந்தன. மூக்காண்டி சிரித்தேவிட்டான். ஆவுடை மூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதி வெளியே போயிருக்கும். விரிந்த ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு வழுக்கி இறங்கியது. முப்பது நாற்பது சீட்டு. ஈரத்தில் மடங்கி, நடுவில் விரிந்து, வரிசையாக அடுப்பைப் பார்க்கப் போயின.

"தொடாதீங்க" என்றாள் ஆவுடை. "யாரும் அதத் தொடாதீங்கட்டி."

முதல் அடுப்புக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டை எடுத்து அகப்பையைப் போட்டாள். "நீங்கதானே சொல்லித் தந்திய, சீட்டுன்னா சட்டின்னு" என்றாள். கோபமில்லை அவள் குரலில். கேலியும் இல்லை. வேலை செய்கிறவள் குரல்.

அந்தத் தெருவே அறிந்த வாய் ஆவுடைக்கு. ஆனால் நிறுத்து என்று அவள் இத்தனை வருஷத்தில் சொல்லிப் பழக்கவே இல்லை. நிறுத்து என்பதற்கு இவர்களுக்கு அர்த்தமே தெரியாது.

குதிர் காலியாகிக்கொண்டிருந்தது. உள்ளறைக் கதவிடுக்கில் நாச்சியாரின் சீட்டுகள் எடுப்பாரில்லாமல் குவிந்து கிடந்தன. தூண் ஒன்று முறியும் சத்தம் கேட்டது. அதை மாற்ற ஆளில்லை, மாற்றுத் தூணுக்கு அடுப்பில்லை. இப்போது உருண்டைகள் முன்னூறு இருக்கும். தரை கொள்ளாமல் சுவரோரம் ஏறிக்கொண்டிருந்தன. ஆவுடை கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு உருண்டையிலும் அந்தக் கொக்கி இருந்தது. சுவர் வெளியே பார்த்துப் புடைத்திருந்தது. புடைத்தது கோமு வீட்டுப் பக்கம். கோமு வீட்டுக் கதவிலும் இதே வளையம்தான். அதற்கடுத்த வீட்டிலும், தெரு முழுக்கவும்.

"எக்கா, உப்பு கேட்டேன்லா" என்றாள் கோமு.

ஆவுடை துளையருகே போனாள். "கோமு, நான் சொல்லுதத மட்டும் செய்யி. இந்தத் துளைய இப்பமே அடைச்சிரு."

"எதுக்கு? கோவமா?"

"ஆமா கோவந்தான். அடை."

"சரி போ, உன் உப்பு உனக்கு" என்று கோமு மண்ணை அப்பினாள். ஆவுடை தங்கையிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அது.

அந்தத் தெருவில் காவலர்கள் உண்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகக் கடந்து போவார்கள். தெருவில் திரியும் திருடனைப் பிடிப்பார்கள். கதவில் கை வைத்து ஒரு வீட்டையே மடக்கவும் அவர்களால் முடியும். வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லை. அடுக்களையில் வெந்தது வாசல் தாண்டக் கூடாது, அதுதான் ஊர் மானம். எரிகிற வீட்டுக்காரர்கள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு எரிகிற ஊர். ஆவுடை மேடையிலிருந்து ஒரு சட்டைத் துண்டை எடுத்தாள். அரிவாள்மனையில் வைத்து நறுக்கினாள். விரல் நீளத்துக்கு ஒரு துணுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மூக்காண்டி குறுக்கே நின்றான். "என்ன செய்யப் போறிய?"

"வாசல்ல மாட்டப் போறேன்."

"வெந்தத வெளிய காட்டினா வீட்டு மானம் என்ன ஆவுறது?"

"மானத்த வச்சுக்கிட்டு எங்க குடியிருக்கப் போற? சுவரப் பாரு."

அவன் பார்த்தான். பிறகு விலகினான். கதவைத் திறந்தும் விட்டான்.

அவள் துணுக்கை வெளிக்கதவு ஆணியில், தெருவே பார்க்கும்படி மாட்டினாள். காவலர் தலைவன் சுடலை வந்துகொண்டிருந்தான். நின்றான். துணுக்கைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான். இந்த உடம்பில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

"இது யாரு சமைச்சது?"

"நான்தான்."

"எங்கேருந்து வந்த சீட்டு?"

"கேக்கல. கேட்டிருக்கணும். கேக்கல."

"உள்ள எவ்வளவு இருக்கு?"

"முன்னூறு. நீ பேசி முடிக்கதுக்குள்ள நானூறு."

சுடலை சுவரைப் பார்த்தான். புடைப்பைப் பார்த்தான். கோமு வீட்டைப் பார்த்தான். "உள்ள ஆளு இருக்காகளா?" என்று கேட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"நூறு அடுப்புக்காரி. மூக்காண்டி. உள்ளறையில நாச்சியாரு. நான்."

"எல்லாரையும் வெளிய கொண்டாந்திரவா?"

"எங்களத் தொட்டு அது ஒட்டிக்கிட்டிருந்தா? ஒரு உருண்டை வெளிய வந்தாலும் போச்சு. நேரத்தக் கடத்தாத தம்பி, சோலியப் பாரு." அவள் உள்ளே போனாள். மூக்காண்டியும் பின்னால் போனான். கதவை உள்ளிருந்து அவனே சாத்தினான்.

சுடலை கதவில் கை வைத்தான். வீடு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் முன்னூறும் தெருவில் சிதறியிருக்கும். அது உள்முகமாக மடங்கியது. கூரை தூண் மேலும், தூண் அடுப்பு மேலும் இறங்க, புத்தகமும் சீட்டும் கத்தியும் எழுத்தனும் உருண்டைகளும் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டன. சத்தம் போடாமல் ஒரு வீடு சின்னதாகிக்கொண்டே போனதைத் தெரு முழுக்கப் பார்த்தது. கடைசி நேரத்தில் கூரை இடுக்கு வழியே ஒரே ஓர் உருண்டை செவலையின் எச்சிலோடு வழிந்து புல்லில் விழுந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கோமு வெளியே வந்தாள். பக்கத்து வீடு இருந்த இடத்தில் வெறும் பள்ளம். யாரிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுடலை கையில் அந்தத் துணுக்கு இருந்தது.

"உங்க எக்காதான் மாட்டினாக" என்றான். "மாட்டலேன்னா அடுத்தது உங்க வீடு."

கோமு அழவில்லை. அவளுக்கு அழுகை அடுத்த வாரம்தான் வந்தது. விடுவிடுவென்று உள்ளே போனாள். அன்று தன் அடுப்பில் வெந்த கொடிக்கயிற்றில் விரல் நீளத்துக்கு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தாள், கதவில் ஓர் ஆணி அடித்தாள், மாட்டினாள். "பாத்துக்கோ" என்றாள். "எங்க வீட்டுல இன்னைக்கு இதான் வெந்தது. நாளைக்கும் மாட்டுவேன். நீ தினமும் வந்து பாரு." சுடலை முகர்ந்தான், தலையாட்டினான், கடந்து போனான். அடுத்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஆணி தேடப் போனாள்.

வீடுகள் அதற்கப்புறம் பேசுவதை நிறுத்திக்கொண்டன. சுருளன் வாயும் அன்றோடு போனது. இன்றைக்கு அவனை வைரஸ் என்கிறோம். புல்லிலோ தண்ணீரிலோ உயிரில்லாமல் கிடக்கிறான். கொக்கி மாட்டும் கதவு கிடைத்தால் அடுத்தவர் அடுப்பில் வெந்து, அதே அறுபது துண்டும் தையல்காரன் இல்லாமல் தாமாக மூடிக்கொள்கின்றன. ஆவுடை ஆணியில் மாட்டினாளே, அன்று முதல்தான் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னுள் வெந்ததில் ஒரு துணுக்கை நாள் தவறாமல் வாசலில் மாட்டி வைக்கிறது. அந்தத் துணுக்கு அந்நியமாக இருந்தால், காவலர்கள் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இப்போது கேட்பதில்லை.